நடுவில் விட முடியாத ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் சில வாரங்களாக வெளிவரும் வாசகர் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். ஒரு சாரார் அந்த விளையாட்டுகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்கிறார்கள். மறு சாரார் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அல்லது இரண்டு மணி நேரம் என்று அளவு வைத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். இரண்டாவது யோசனை கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனாலும் ஆறு ஆண்டுகளாக ஐந்து பேர் கொண்ட ஓர் அணியில் ஆடி வருபவன் என்ற முறையில், அந்த யோசனை ஏன் பெரும்பாலான வீடுகளில் பலிக்காமல் போகிறது என்பதையும், மற்ற ஈடுபாடுகளுக்கு இடம் விட்டு இந்த விளையாட்டை எப்படி ஆட முடியும் என்பதையும் என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தனியாக ஆடும் வீடியோ கேமில் இடைநிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் அதை அழுத்திவிட்டு எழுந்து போகலாம்; திரும்பி வரும்வரை வாளை ஓங்கிய அரக்கன் ஓங்கிய கையோடு அப்படியே நிற்பான். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலும் அந்தப் பொத்தான் கிடையாது. ஐவருக்கு ஐவர் மோதும் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' போன்ற ஓர் ஆட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் மீதி ஒன்பது பேரின் அரை மணி நேரம் பாழாகிறது. ஆகவே அந்த விளையாட்டை நிமிடங்களால் அளக்க முடியாது. ஒரு மேட்ச் என்பதுதான் அதன் அளவு. அது 25 நிமிடத்திலும் முடியலாம், 45 நிமிடம் வரை இழுக்கவும் செய்யலாம். எப்போது முடியும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கே கடைசிவரை தெரியாது. "எட்டு மணிக்கு நிறுத்திவிட வேண்டும்" என்று சொல்லும் பெற்றோரும், "சரி" என்று சொல்லும் பிள்ளையும் இருவருமே உண்மையாகத்தான் பேசுகிறார்கள். எட்டு மணி அடிக்கும்போது பிள்ளை ஒரு மேட்சின் நட்டநடுவில் இருக்கிறான் என்பதால் அங்கே சண்டை வருகிறது.

என் எட்டு வயது மகள் இதை என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டாள். முன்பெல்லாம் அவள் அறை வாசலில் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம், அப்பா?" என்று கேட்பாள். நானும் "பத்தே நிமிஷம்" என்பேன்; அந்தப் பத்து, முப்பதாகும். ஒரு கட்டத்தில் அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். "இது நடுவில் விட முடிகிற ஆட்டமா, விட முடியாத ஆட்டமா?" என்று கேட்கத் தொடங்கினாள். விட முடியாத ஆட்டம் என்று நான் சொன்னதும், காட்டுவதற்காகக் கொண்டுவந்த ஓவியத்தை என் மேசை ஓரத்தில் கவனமாக வைத்துவிட்டு, ஹெட்போன் ஒயரில் கால் படாமல் ஒதுங்கிப் போய்விடுவாள். மேட்ச் முடிந்து நான் அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். அவள் ஒரு நாளும் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அதனாலேயே அது எனக்கு உறைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இன்னொன்றும் நடந்தது. பள்ளி நாட்களில் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் புல்லாங்குழல் கற்றவன் நான். மேடை ஏறும் அளவுக்கு இல்லையென்றாலும், வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் வாசித்தால் அன்றைய அலுப்பு போய்விடும் என்ற அளவுக்கு அது எனக்குத் துணையாக இருந்தது. அதை விட்டுவிட வேண்டும் என்று நான் எந்த நாளிலும் முடிவெடுக்கவில்லை. அணியில் சேர்ந்த முதல் மாதங்களில் வாரத்திற்கு மூன்று நாள் வாசித்தேன். பிறகு அது ஒரு நாளாயிற்று. பிறகு விடுமுறை வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓராண்டுக்கும் மேல் கழித்து ஒரு மாலையில் உறையைப் பிரித்தபோது, எண்ணெய் காணாத மூங்கிலில் வாய் வைக்கும் துளையின் கீழே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. எடுத்து ஊதிப் பார்த்தேன். மேல் ஸ்தாயி சுரம் ஒன்றுகூட நிற்கவில்லை, வெறும் காற்றாகவே போயிற்று. விரிசல் வழியே கசிந்த காற்று பாதி, பழக்கம் விட்டுப்போன உதடு பாதி. குழலைத் துடைத்து மறுபடி உறையில் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் நோயாளி ஆகிவிட்டேனா என்ற கேள்வி அன்று எனக்கு எழுந்தது. மருத்துவ உலகம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டு சார்ந்த கோளாறு ஒன்றை அது வரையறுக்கிறது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு இழப்பது, வாழ்க்கையின் மற்ற ஈடுபாடுகளையும் அன்றாட வேலைகளையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னுக்கு வருவது, கெடுதல் நேர்ந்த பிறகும் அதைத் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டு, வழக்கமாக ஓராண்டாவது நீடித்திருந்தால்தான் அது கோளாறு. விளையாடுபவர்களில் மிகச் சிறு பகுதியினரே அந்த நிலைக்குப் போகிறார்கள் என்றும் அந்த அமைப்பு கூறுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட கையேடு, இதை மேலும் ஆராய வேண்டிய ஒன்றாகச் சேர்த்து ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. முன்பு இருந்த பொழுதுபோக்குகளில் நாட்டம் போய்விடுவது அவற்றில் ஒன்று.

நான் அந்த மிகச் சிறு பகுதியில் இல்லை. வேலைக்குத் தவறாமல் போனேன், தூங்கினேன், யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வரையறையைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை மணி நேரம் ஆடினால் கோளாறு என்று அதில் எங்கும் இல்லை. மற்ற ஈடுபாடுகளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் அது கேட்கிறது. நம் வீடுகளில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாதாடுகிறோம். பார்க்க வேண்டியது உறைக்குள் இருக்கும் குழலை என்று எனக்குப் பட்டது.

புல்லாங்குழல் ஏன் தோற்றது? ஆட்டத்தின் வண்ணமும் ஓசையும் என்னை மயக்கிவிட்டன என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையில்லை, அந்த ஆட்டத்தின் காட்சிகள் எனக்கு முதல் ஆண்டிலேயே பழகிப்போய்விட்டன. அணியில் நால்வர் எனக்காகக் காத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். இரவு ஒன்பது மணிக்கு, ஆட்டம் தொடங்குமுன் அணி கூடும் லாபியில் நான்கு பெயர்கள் பச்சை விளக்கோடு நிற்கும்; ஐந்தாவது இடம் காலியாக இருக்கும். "அண்ணா, வந்துட்டீங்களா?" என்று அணியில் இளையவனான ஒரு தம்பி கேட்பான். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. குழலுக்காக அப்படி ஒருவரும் காத்திருக்கவில்லை. நான் வாசிக்காமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் கேட்கப் போவதுமில்லை. தனியாகச் செய்யும் எந்தக் கலைக்கும், படிப்புக்கும், நடைப்பயிற்சிக்கும் இதே கதிதான் நேர்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்த வாக்கையும் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்கையும் ஒரே மாலையில் ஒருவன் எதிரெதிரே வைத்தால், தனக்குக் கொடுத்ததைத்தான் அவன் முதலில் மீறுகிறான்.

இந்தக் காத்திருப்பைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது விலைமதிப்புள்ள ஒன்று. இத்தகைய விளையாட்டுகளின் மூதாதையான 'மட்' என்ற எழுத்துவடிவ விளையாட்டை 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கினார். அதை வளர்த்தெடுத்த ரிச்சர்ட் பார்ட்டில், வருபவர்களில் வெற்றி தேடுவோர், புது இடம் தேடுவோர், மோதலை நாடுவோர் ஆகியோரோடு, மனிதரோடு பேசிப் பழகவே வருவோரும் உண்டு என்று 1996-இல் எழுதினார். வீடு ஓரிடம், வேலை ஓரிடம்; இவ்விரண்டும் இல்லாமல் மனிதர்கள் கூடிப் பேசும் மூன்றாவது இடம் ஒன்று சமூகத்துக்கு வேண்டும் என்று ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் வாதிட்டார். அப்படிப்பட்ட இடமாக இந்த விளையாட்டுகள் இருக்கின்றன என்று 2006-இல் கான்ஸ்டன்ஸ் ஸ்டெயின்கூலரும் டிமித்ரி வில்லியம்ஸும் எழுதினார்கள். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நோயோடு பிறந்த நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் 2014-இல் தம் 25-ஆம் வயதில் இறந்தபோது, மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் அவருடைய பெற்றோர் வருந்தினார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் வெளியிட்ட பிறகுதான், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவரோடு பழகியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவருக்கு அந்த உலகம் என்னவாக இருந்தது என்பதை அறிந்த பிறகு, "திரைக்கு முன்னால் வீணாகிறான்" என்ற சொல்லை எந்தப் பிள்ளையைப் பற்றியும் அவசரப்பட்டுச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

ஆனால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. காத்திருப்பதைப் போல விளையாட்டே பாவனை செய்வது வேறொன்று. இரண்டாவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்து மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஏற்பாடும், சீசன் எனப்படும் குறித்த காலம் முடிவதற்குள் படிகளை ஏறி முடிக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பேட்டில் பாஸ் என்ற பரிசுச் சீட்டின் மீதிப் பரிசுகள் போய்விடும் என்ற ஏற்பாடும் விளையாட்டின் சுவையில் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. என் அணித் தோழர்கள் யாரும் ஆன்லைனில் இல்லாத ஒரு மாலையில், அன்றைய பரிசு போய்விடக் கூடாதே என்பதற்காக மட்டும் நான் நாற்பது நிமிடம் தனியாக ஆடியிருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு நட்பும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் தயாரிப்பாளர்களுக்குக் கிடையாது. 2003-இல் வந்த 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டில், ஒருவர் வெளியேறி வேறு வேலை பார்க்கும்போதும் அவருடைய பாத்திரத்தின் திறமைகள் நிஜக் கடிகாரத்தின்படி வளர்ந்துகொண்டே இருக்கும். 2021-இல் வந்த 'ஹேலோ இன்ஃபினிட்' விளையாட்டில் வாங்கிய பேட்டில் பாஸுக்குக் கெடு கிடையாது. ஆறு மாதம் கழித்து வந்தும் விட்ட இடத்தில் தொடரலாம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004-இல் வெளிவருவதற்கு முன், நெடுநேரம் ஆடுபவர் ஈட்டும் அனுபவப் புள்ளிகளைக் குறைத்து அவரை எழுப்பிவிட ஒரு வழியைச் சோதித்தார்கள். அது தண்டனையாகத் தெரிந்ததால் ஆட்டக்காரர்கள் வெறுத்தார்கள். அதே கணக்கை, ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்கு இரட்டிப்புப் புள்ளிகள் என்று மாற்றி எழுதினார்கள்; எல்லோரும் வரவேற்றார்கள். 'ஃபைனல் ஃபேண்டஸி 14' தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, கொஞ்ச காலம் மற்ற விளையாட்டுகளை ஆடிவிட்டுப் புதிய அப்டேட் வரும்போது திரும்பி வந்தால் போதும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதே விளையாட்டில், அங்கே வாங்கிய வீட்டுக்குள் 45 நாட்கள் நுழையாமல் இருந்தால் வீடு இடிக்கப்படும் என்ற விதியும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். இடம் குறைவு, வாங்கக் காத்திருப்போர் அதிகம் என்ற காரணம் அதற்கு உண்டு. ஆனாலும் ஓய்வு எடுக்க நினைக்கும் ஒருவர் அந்த வீட்டை நினைத்தே உள்ளே போக நேர்கிறது.

தரவரிசை ஆட்டத்தில் இருக்கும் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் மிகத் தாமதமாகத்தான் போட்டுப் பார்த்தேன். "ஒரு மேட்ச் ஜெயித்ததும் எழுந்துவிடுகிறேன்" என்பது எங்கள் எல்லோருடைய வாயிலும் வரும் வாக்கு. ரேங்க் முறை சமபலம் உள்ளவர்களையே எதிரெதிரே நிறுத்தப் பார்க்கிறது. சதுரங்க ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளிகளால் அளக்க அர்ப்பாட் எலோ வகுத்த முறையின் வழிவந்த ஏற்பாடு அது. எனவே வெற்றிக்கான வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அப்படியானால் முதல் வெற்றி வரும்வரை ஆடுவது என்று வைத்துக்கொள்பவர் சராசரியாக இரண்டு மேட்ச் ஆடுகிறார். எட்டு நாளில் ஒரு நாள் மூன்றும் தோற்று நான்காவது மேட்சுக்குள் நுழைகிறார். ஒரு மேட்ச் 35 நிமிடம் என்று கொண்டால், அந்த நாளில் மூன்றாவது தோல்வியின்போதே ஒன்றே முக்கால் மணி நேரம் போயிருக்கும். எட்டு நாளுக்கு ஒரு நாள் வீட்டில் கோபமும் தூக்கக்கேடும் வருவதற்கு மன உறுதி இல்லாததைக் காரணமாகச் சொல்லத் தேவையில்லை. நிறுத்துவதற்கு அவர் வைத்துக்கொண்ட விதியே அப்படித்தான் விளையும். வெற்றியோடு முடிப்பது என்ற விதியை நாங்கள் ஐவரும் கைவிட்டோம். இத்தனை மேட்ச், அவ்வளவுதான். கடைசி மேட்சில் தோற்றாலும் நல்லிரவு சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தோல்வியோடு படுக்கப் போவது முதலில் கசப்பாகத்தான் இருந்தது.

சட்டம் போட்டு நேரத்தை அடைத்த நாடுகளின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். தென் கொரியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் சட்டம் வந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2022 தொடக்கத்தோடு அது கைவிடப்பட்டது. இடையில் பிள்ளைகளின் ஆட்டம் கணினியிலிருந்து பெரும்பாலும் கைபேசிக்கு மாறிவிட்டிருந்தது. சீனாவில் 2021 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள் ஆகியவற்றில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம். சிறு பிள்ளைகளைப் பாதுகாக்க அரசு தலையிடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கதவை அடைக்கும் சட்டத்தால் பிள்ளையின் கையில் தூரிகையையோ பந்தையோ கொண்டுவந்து கொடுக்க முடியாது. மிச்சமாகும் மாலைகளில் அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்ற கேள்வி வீட்டாரிடமும் பள்ளியிடமும்தான் நிற்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். குழலில் விரிசல் கண்ட அந்த வாரத்திலேயே அணித் தோழர்களிடம் மறைக்காமல் பேசினேன். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகிய மூன்று இரவுகளில் மட்டும் வருகிறேன், ஒன்பது மணிக்கு வருகிறேன், பத்தே கால் மணிக்குப் பிறகு எந்த மேட்சிலும் நுழைய மாட்டேன் என்றேன். எப்போது முடிப்பேன் என்று சொல்லாமல் எப்போது நுழைய மாட்டேன் என்று சொன்னதுதான் அதில் முக்கியம். நுழையும் நேரம் நம் கையில் இருக்கிறது, முடியும் நேரம் இல்லை. கோபப்படுவார்கள் என்று பயந்தேன். ஆனால் நான்கு பேரில் மூன்று பேர் தாங்களும் இதையே சொல்ல நினைத்துத் தயங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்; மற்றவர்கள் ஏமாந்துவிடுவார்களே என்று ஒவ்வொருவரும் மற்ற நால்வருக்காக வந்துகொண்டிருந்திருக்கிறோம். ஆறாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும் என்ற நிலை வந்ததும், வராமல் இருப்பது துரோகம் போலத் தோன்றுவது நின்றுவிட்டது.

அடுத்து, ஆட்டத்திடம் இருந்த பலத்தைப் புல்லாங்குழலுக்கும் கொடுக்க நினைத்தேன். என்னோடு முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வயலின் வாசிப்பார். அவரிடம் போய், புதன்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு வருகிறேன், சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டேன். அவரும் வில்லைத் தொட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. முதல் புதன்கிழமை, புதிதாக வாங்கிய குழலில் ஒரு சிறு கீர்த்தனையின் பல்லவியை முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வயலினைத் தோளிலிருந்து இறக்காமலே, "அவசரமில்லை, தம்பி, மறுபடி எடுங்கள்" என்றார். மூன்றாவது வாரம் மழை, உடம்பும் அலுப்பு. போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஏழு மணிக்கு அவர் சுருதி சேர்த்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைவு வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது ஒன்றரை ஆண்டாகத் தொடர்கிறது. என் மகளோடு ஓவியம் வரைவதற்கும் அதே போல ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறோம். அந்த மாலையில் நான் தாமதமானால் அவள் வாசலில் நின்று என்னைக் கூப்பிடுகிறாள், முன்பு போல ஒதுங்கிப் போவதில்லை.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பிள்ளை என்ன ஆடுகிறான், அதில் ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் என்பதை ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'ராக்கெட் லீக்' ஆட்டத்தின் கடிகாரம் ஐந்து நிமிடம். 'கிளாஷ் ராயல்' மூன்று நிமிடமும் அதன்மேல் கொஞ்சமும். இவற்றை ஆடும் பிள்ளையை "இந்த மேட்சோடு வா" என்று கூப்பிட்டால் அவனால் வர முடியும். நூறு பேர் இறங்கும் 'பப்ஜி' போன்ற ஆட்டத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்தால் அரை மணி நேரம் ஆகும். சதுரங்கம் போன்ற முறைவைத்து ஆடும் ஆட்டங்களை, ஒரு நகர்வுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் வகையில் இணையத்தில் ஆட வழி இருக்கிறது. மனிதரோடு ஆடும் சுவையும் கிடைக்கும், மாலையும் மிஞ்சும். மேட்சின் நடுவில் ஒயரைப் பிடுங்குவதற்குப் பதிலாக, அடுத்த மேட்சுக்குள் நுழையும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பேசுங்கள். நடுவில் பிடுங்கும்போது பிள்ளை தன் தோழர்கள் முன்னால் வாக்குத் தவறியவனாகிறான். அந்த அவமானத்தை அவன் வெகுநாள் மறப்பதில்லை.

நானும் ஒரு முறை நடுவில் எழுந்து போயிருக்கிறேன். மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து முகவாயில் வெட்டுப்பட்ட இரவு அது. தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பியபோது, மேட்சைக் கைவிட்டதற்காக அன்றிரவு முழுவதும் என் கணக்கு தடைசெய்யப்பட்டிருந்தது. அன்று எங்கள் ஐவரில் ஒருவர் வராததோடு ஆறாவது ஆளும் வரவில்லை என்பதால் அணியில் சேர்த்துக்கொண்ட முன்பின் தெரியாத ஒருவர் மிகக் கேவலமாகத் திட்டி எழுதியிருந்தார். தடை விதித்ததை நான் குறைசொல்லவில்லை. காரணமில்லாமல் விட்டுப்போகிறவர்களால் மற்றவர்களின் மாலை கெடுகிறது என்பதால் அப்படி ஒரு விதி வேண்டும்தான். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரு மேட்சைக்கூடக் கைவிடாத ஒருவருக்கு, சில முறையாவது கேள்வி கேட்காமல் போக இடம் கொடுப்பதும், அவர் இடத்தில் வேறு ஒருவரை நிரப்பிக்கொடுப்பதும் தயாரிப்பாளர்களால் முடியாத காரியம் என்று நான் நம்பவில்லை. வீட்டில் ஒரு குழந்தை விழுந்த சத்தம் கேட்ட நொடியில், எழுந்தால் என்ன தண்டனை வரும் என்ற நினைப்பு ஒருவருக்கு ஒரு கணம்கூட வரக் கூடாது. எனக்கு அந்த ஒரு கணம் வந்தது என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

கடைசியாகத் தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. புதிதாக வரும் விளையாட்டுகளைப் பற்றி வாரந்தோறும் எழுதுகிறீர்கள். காட்சி அமைப்பு எப்படி, எந்தக் கைபேசியில் ஓடும் என்றெல்லாம் அதில் விவரமாக வருகிறது. அதோடு இன்னும் மூன்று வரிகள் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மேட்ச் எத்தனை நிமிடத்தில் முடிகிறது, நடுவில் எழுந்து போனால் என்ன தண்டனை, ஒரு வாரம் வராமல் இருந்தால் எதையாவது இழக்க நேருமா என்பவை அந்த மூன்று வரிகள். பிள்ளைக்கு எந்த விளையாட்டை அனுமதிப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே கையில் உள்ள என்னைப் போன்றவர்களுக்கும் அந்த விவரம் வேறு எங்கும் எளிதாகக் கிடைப்பதில்லை. அடுத்த வாரப் பகுதியிலிருந்தே அதைத் தொடங்க முடிந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்